பெட்டி கட்டுவதற்கு முன் கடுதாசி வேலை

சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பும் குடும்பங்களுக்கு ஓர் அனுபவக் கணக்கு

சென்ற ஆண்டு மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. துவாஸ் தொழிற்சாலையில் இயந்திரத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். கோலா சுங்கை பாருவிலிருந்து அக்கா அழைத்தார்.

"தம்பி, அப்பா குளியலறையில விழுந்துட்டாருடா. வலது கை, வலது காலு ரெண்டும் வரல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறோம்."

அம்மா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. தோட்டத்தை விட்டு வெளியேறிய பிறகு அப்பா ஒரு சின்ன மலிவுவிலை வீட்டில் தனியாகத்தான் இருந்தார். அக்கா மஸ்ஜிட் தானாவில் இருக்கிறார். அவருக்கும் வேலை, பிள்ளைகள். நான் பதினான்கு ஆண்டுகளாகச் சிங்கப்பூரில். அதில் பத்து ஆண்டுகள் நிரந்தரவாசியாக. மனைவியும் நம் நாட்டவர்தான். மகளுக்கு எட்டு வயது.

அன்று இரவே முடிவெடுத்துவிட்டோம். ஊருக்குத் திரும்புவது என்று. 'மலேசியன்தானே, என் நாட்டுக்கு நான் போகப் பெட்டியைக் கட்டினால் போதாதா?' என்றுதான் நினைத்தேன். போதாது என்று அடுத்த நான்கு மாதங்களில் தெரிந்துகொண்டேன். மலாக்காவிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் பாலம் தாண்டிப் போய் வேலை செய்யும் நம் பிள்ளைகள் ஏராளம். என்றாவது ஒருநாள் அவர்களும் திரும்பத்தான் போகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கடைசிச் சம்பளம் கையில் வராது

ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்ததும் மனிதவளப் பிரிவில் இருந்த பெண் முதலில் கேட்டது, "நிரந்தரமாகப் போகிறீர்களா, இல்லை வேறு நிறுவனத்துக்கா?" என்றுதான். நிரந்தரமாக என்றேன். "அப்படியானால் இந்த மாதச் சம்பளத்தை இப்போது தர முடியாது" என்றார். எனக்குப் பகீர் என்றது.

அது அவர்கள் முடிவு அல்ல, அந்நாட்டுச் சட்டம். நம் நாட்டில் முதலாளி மாதாமாதம் சம்பளத்திலிருந்து வரியைப் பிடித்துக் கட்டிவிடுகிறார். சிங்கப்பூரில் அப்படிப் பிடிப்பதில்லை. இந்த ஆண்டு சம்பாதித்ததற்கு அடுத்த ஆண்டுதான் வரி. ஆகவே நாட்டை விட்டுப் போகிறவரிடம் போன ஆண்டு வரியும் இருக்கலாம், இந்த ஆண்டு வரியும் இருக்கலாம். அவர் பாலம் தாண்டிவிட்டால் யார் வசூலிப்பது?

அதற்காகத்தான் 'ஐ.ஆர். 21' என்ற படிவம். குடிமகன் அல்லாத ஊழியர் வேலையை விடுவதற்குக் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன் முதலாளி இதை வரி ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். அன்றிலிருந்து ஊழியருக்குச் சேர வேண்டிய பணம் எல்லாவற்றையும் நிறுத்தி வைக்க வேண்டும். சம்பளம், மிகைநேரம், போனஸ், எடுக்காத விடுப்புக்கான பணம் எல்லாம் அதில் அடங்கும். வரி ஆணையம் அனுமதி தரும்வரை, அல்லது 30 நாள்வரை, எது முந்தியோ அதுவரை. வரியைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். வேறு நிறுவனத்துக்கு மாறும் நிரந்தரவாசிக்கு இது வேண்டியதில்லை. நிரந்தரமாகப் போகிறவருக்கு வேண்டும்.

லாரி வாடகை, வீட்டுக்காரருக்குக் கடைசி மாத வாடகை, அப்பாவின் மருத்துவச் செலவு எல்லாவற்றையும் அந்தக் கடைசிச் சம்பளத்தை நம்பித்தான் கணக்குப் போட்டிருந்தேன். கடைசியில் மைத்துனரிடம் கடன் வாங்கினேன். பணம் பிறகு வந்து சேர்ந்தது, ஒரு வெள்ளிகூடக் குறையவில்லை. ஆனால் தேவைப்பட்ட மாதத்தில் கையில் இல்லை.

நீங்கள் திரும்புவதாக இருந்தால் இரண்டு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு ராஜினாமாக் கடிதம் கொடுங்கள். வரி மதிப்பீட்டு அறிக்கைகளைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் சம்பாதித்து இங்கே கொண்டுவரும் வருமானத்துக்குத் தனிநபர்களுக்கு 2036 இறுதிவரை மலேசியாவில் வரிவிலக்கு உண்டு. அந்தப் பணத்துக்கு அங்கே வரி விதிக்கப்பட்டது என்பதற்கு அந்த அறிக்கைதான் அத்தாட்சி.

சி.பி.எஃப்: பலருக்கும் தெரியாத விதி

அடுத்த அடி இதைவிடப் பெரியது.

வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டவருக்குச் சிங்கப்பூரின் மத்திய சேமநிதி கிடையாது. நிரந்தரவாசி ஆனவருக்கு உண்டு. முதல் இரண்டு ஆண்டுகள் குறைந்த விகிதம். அதற்குப் பிறகு, 55 வயதுவரை, நம் பங்கு 20 விழுக்காடு, முதலாளி பங்கு 17 விழுக்காடு. பத்து ஆண்டில் அது நல்ல தொகை. 'நிரந்தரவாசத்தைத் துறந்துவிட்டுப் போனால் மொத்தத்தையும் கையில் கொடுத்துவிடுவார்கள்' என்று காப்பிக்கடையில் எல்லாரும் சொல்வார்கள். நானும் அதை நம்பி, அப்பாவின் வீட்டுக்குப் பின்னால் தரைத்தளத்தில் ஓர் அறையும், சக்கர நாற்காலி நுழையும் அளவு குளியலறையும் கட்ட ஆள் பார்த்து விலை பேசிவிட்டேன்.

இந்தியரோ, பிலிப்பினோவோ, சீனநாட்டவரோ திரும்பிப் போனால் காப்பிக்கடைக் கணக்கு சரி. ஆனால் அந்தச் சட்டம் சொல்வது 'சிங்கப்பூரையும் மேற்கு மலேசியாவையும் விட்டு நிரந்தரமாகச் செல்பவர்' என்று. தீபகற்ப மலேசியாவுக்குத் திரும்பும் நமக்கு அந்தக் கதவு இல்லை. நமக்கு வேறு விதி: 50 வயது ஆகியிருக்க வேண்டும், விண்ணப்பிப்பதற்கு முன் இரண்டு ஆண்டுகளாவது சிங்கப்பூரில் வேலை செய்யாமல் இருந்திருக்க வேண்டும், நிரந்தரவாசத்தையும் துறந்திருக்க வேண்டும்.

எனக்கு வயது 42. எட்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். கட்டட ஆளுக்குப் போன் போட்டு வேலையைப் பாதியாகக் குறைத்தேன். அறை இல்லை, குளியலறை மட்டும்.

பணம் எங்கும் போய்விடவில்லை. சாதாரணக் கணக்கில் இருப்பதற்குக் குறைந்தது 2.5 விழுக்காடு வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் விட்டுவிட்டு வரும் பணத்துக்கு அங்கே இருக்கும்போதே இரண்டு காரியம் செய்ய வேண்டும்.

ஒன்று, வாரிசு நியமனம். சேமநிதிப் பணம் உயிலுக்குக் கட்டுப்படாது. நியமனம் இல்லாவிட்டால் பணம் அந்நாட்டுப் பொது அறங்காவலரிடம் போய், சட்டப்படி பங்கிடப்படும். ஊரில் இருக்கும் மனைவி மக்கள் அதை வாங்க அலைய வேண்டும். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டிருந்தால், கல்யாணம் ஆன அன்றே அந்த நியமனம் செல்லாமல் போய்விடும் என்பதையும் மறக்காதீர்கள். என்னுடையது அப்படித்தான் இருந்தது.

இரண்டு, சிங்பாஸ் கணக்கு. சேமநிதி, வரி எல்லாவற்றுக்கும் அதுதான் சாவி. அந்தச் சாவியோ சிங்கப்பூர்க் கைப்பேசி எண்ணோடு கட்டப்பட்டிருக்கும். எண்ணை ரத்து செய்துவிட்டு வந்தால் வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளே போட்ட கதைதான். முதலில் மலேசிய எண்ணுக்கு மாற்றுங்கள், பிறகு சிம் அட்டையை ரத்து செய்யுங்கள்.

நிரந்தரவாசத்தைத் துறப்பதா வேண்டாமா என்பதையும் ஆற அமர யோசிக்க வேண்டும். மறுநுழைவு அனுமதி காலாவதியான நிலையில் வெளியே இருந்தால் அந்தத் தகுதி பறிபோகக்கூடும். பெற்றோர் மூலம் நிரந்தரவாசியான ஆண்பிள்ளை வீட்டில் இருந்தால் தேசிய சேவைக் கடமையும் சேர்ந்துவரும். சேவை செய்யாமல் துறந்தால், பின்னாளில் அவன் அங்கே படிக்கவோ வேலை செய்யவோ விண்ணப்பிக்கும்போது அது கணக்கில் எடுக்கப்படும். பிள்ளைக்குப் பதினைந்து வயதில் யோசிக்க வேண்டியதல்ல இது. நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கும்போதே யோசிக்க வேண்டும்.

அப்பா விடாமல் கேட்ட பத்திரம்

இத்தனை கோட்டை விட்ட நான் ஒன்றை மட்டும் சரியாகச் செய்திருந்தேன். அதுவும் என் சமர்த்தால் அல்ல.

மகள் சிங்கப்பூர் மருத்துவமனையில் பிறந்தாள். அங்கே பிறப்புப் பத்திரம் கொடுத்தார்கள். ஆனால் பெற்றோரில் ஒருவரும் சிங்கப்பூர்க் குடிமக்கள் இல்லை என்பதால் அந்தப் பத்திரம் அவளை அந்நாட்டுக் குடிமகள் ஆக்காது. மலேசியத் தூதரகத்தில் பதிய வேண்டும். 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று நாளைக் கடத்தினேன். அப்பாதான் வாராவாரம் போனில் கேட்பார். "பிள்ளைக்குச் சூராட் பெரானாக் எடுத்துட்டியா? எப்ப எடுக்கப்போற?" பதினோராவது மாதம், அவருடைய தொல்லை தாங்காமல், விடுப்புப் போட்டு ஜெர்வோய்ஸ் சாலைக்குப் போய்ப் பதிந்துவிட்டு வந்தேன்.

அப்பாவுக்கு ஏன் அவ்வளவு பயம்? அவருடைய பெரியப்பா அதே தோட்டத்தில் முப்பது ஆண்டு பால் மரம் வெட்டியவர். 1957-ல் மெர்டேகா வந்தபோது குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழி இருந்தது. அவர் போகவில்லை. 'இங்கதானே இருக்கோம், நம்மள யார் கேக்கப்போறா' என்று இருந்துவிட்டார். சிவப்பு அடையாள அட்டையோடு நின்றார். 1968-ல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவருக்கு வேலை அனுமதி கட்டாயமானது. 1969 கலவரத்துக்குப் பின் அதைக் கடுமையாக அமல்படுத்தினார்கள். ஏறத்தாழ 60 ஆயிரம் தோட்டத் தொழிலாளர்கள் அக்காலத்தில் இந்தியாவுக்குத் திரும்பியதாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். சேமநிதியில் இருந்ததை எடுத்துக்கொண்டு பெரிய தாத்தாவும் 'ரஜூலா' கப்பல் ஏறினார். அப்பாவுக்கு அப்போது பதினொரு வயது. அதன்பின் அவர் பெரியப்பாவைப் பார்க்கவே இல்லை.

அந்த அச்சம்தான் என் மகளைக் காப்பாற்றியது. ஊர் திரும்பியதும் அவளுக்கு மைகிட் இருந்தது, மலேசியப் பதிவு இருந்தது. தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டில் சேர்க்க ஒரே காலைதான் பிடித்தது.

இதில் சட்டத்தைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணைப்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் அப்பா மலேசியாவில் பிறந்த குடிமகனாக இருந்தால் பிள்ளையும் குடிமகன். அப்பா குடிமகன்தான், ஆனால் அவரே வெளிநாட்டில் பிறந்தவர் என்றால், ஒரு வருடத்துக்குள் தூதரகத்தில் பதிவதே நிபந்தனை. அந்தக் கெடு தாண்டினால் உரிமையே கேள்விக்குறி. சிங்கப்பூரில் பிறந்த பிள்ளைகளுக்கென்று ஒரு தனிப் பிரிவும் உண்டு. எந்தப் பிரிவில் வந்தாலும் சரி, ஒரு வருடத்துக்குள் பதிந்துவிடுங்கள். பதியாமல் வந்தால், இருக்கிற உரிமையை நிரூபிக்கவே ஆண்டுக்கணக்கில் அலைய நேரும்.

நம்மவர்கள் அடிக்கடி தவறும் இடம் இன்னொன்று. மேலே சொன்ன 'அப்பா', சட்டப்படி பதிவுத் திருமணம் செய்துகொண்ட அப்பா. கோயிலில் தாலி கட்டி, ஊரைக் கூட்டி விருந்து வைத்தாலும், பதிவு இல்லாவிட்டால் பிள்ளை தாயின் குடியுரிமையைத்தான் பின்பற்றும். தாய் வெளிநாட்டவராக இருந்தால் சிக்கல் எவ்வளவு பெரியது என்று நினைத்துப் பாருங்கள். முஸ்லிம் அல்லாதோருக்கான திருமணச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வெளிநாட்டில் கல்யாணம் செய்துகொண்டவர்கள் ஆறு மாதத்துக்குள் தூதரகத்திலோ, திரும்பி வந்துவிட்டால் இங்குள்ள பதிவிலாகாவிலோ அதைப் பதிய வேண்டும்.

வெளிநாட்டவரை மணந்த மலேசியத் தாய்மார்களின் பிள்ளைகளுக்கும் குடியுரிமை தரும் அரசியலமைப்புத் திருத்தத்தை 2024 அக்டோபர் 17-ல் மக்களவை நிறைவேற்றியது. நல்ல செய்திதான். ஆனால் அது முன்தேதியிட்டுப் பொருந்தாது. ஏற்கெனவே பிறந்த பிள்ளைகளின் தாய்மார்கள் தங்கள் விண்ணப்பங்களைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

ஊரிலே உறங்கிக் கிடந்தவை

ஊருக்கு வந்தாயிற்று. வாரம் மூன்று நாள் அப்பாவை இயன்முறைச் சிகிச்சைக்கு மலாக்காவுக்குக் கூட்டிப்போக வேண்டும். வீட்டில் அப்பாவின் பழைய கார் நிற்கிறது. ஓட்ட எனக்கு உரிமம் இல்லை.

சிங்கப்பூரில் கார் வாங்க நமக்கு எங்கே கட்டும்? ரயிலும் பேருந்தும் போதுமாக இருந்தன. மலேசிய உரிமம் காலாவதியாகி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. மூன்று ஆண்டுக்கு மேல் விட்டுவிட்டால் சாதாரணமாகப் புதுப்பிக்க முடியாது. ஆண்டுக்கு 30 ரிங்கிட். கைப்பேசியில் மைஜே.பி.ஜே. செயலியிலேயே கட்டியிருக்கலாம். அதைச் செய்யாத குற்றத்துக்கு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கணினித் தேர்விலிருந்து தொடங்கினேன். அந்த மூன்று மாதமும் அக்கா வீட்டுக்காரர்தான் வேலைக்கு அரைநாள் விடுப்புப் போட்டு அப்பாவை ஏற்றிக்கொண்டு போனார். முகம் கோணவில்லை. ஆனால் காரில் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

வங்கிக் கணக்கும் அப்படியே. வேலைக்குப் போன புதிதில் மஸ்ஜிட் தானாவில் திறந்த சேமிப்புக் கணக்கை மறந்தே போயிருந்தேன். ஏழு ஆண்டுகள் எந்த நடவடிக்கையும் இல்லாத கணக்கில் உள்ள பணம், உரிமை கோரப்படாத பணமாகக் கருதப்பட்டு அரசின் பதிவதிகாரியிடம் போய்விடும். பணம் தொலையாது. 'ஈகூமிஸ்' இணையத்தளத்தில் அடையாள அட்டை எண்ணைப் போட்டுப் பார்த்துக் கோரலாம். உங்கள் பெற்றோர் பெயரையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

ஊழியர் சேமநிதியிலும் பதினான்கு ஆண்டு வெறுமை. வெளிநாட்டில் இருந்துகொண்டே சுயமாகச் செலுத்தலாம், ஆண்டுக்கு 1 லட்சம் ரிங்கிட் வரை இடமுண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது. மாதம் நூறு வெள்ளி போட்டிருந்தாலும் இன்றைக்கு ஒரு தொகை நின்றிருக்கும்.

இளம் நிபுணர்கள் கவனிக்க

பட்டம் பெற்று, வெளிநாட்டில் பல ஆண்டு அனுபவத்தோடு திரும்ப நினைப்பவர்களுக்கு டேலண்ட்கார்ப் நிறுவனத்தின் 'திரும்பிவரும் நிபுணர் திட்டம்' இருக்கிறது. ஏற்கப்பட்டால் ஐந்து ஆண்டுகளுக்கு வேலை வருமானத்துக்கு 15 விழுக்காடு என்ற ஒரே விகித வரி. வெளிநாட்டுத் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் நிரந்தரவாசத்துக்கு வழி உண்டு. கல்வித் தகுதி, அனுபவ ஆண்டு, சம்பளம் ஆகியவற்றுக்குத் தனித்தனி நிபந்தனைகள் உள்ளன.

முக்கியமான நிபந்தனை, வெளிநாட்டில் வேலையில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும் என்பது. பெட்டியோடு வந்து இறங்கிய பிறகு கேட்டால் கதவு மூடியிருக்கும். என்னோடு படித்த ஒருவர் லண்டனிலிருந்து வந்த அடுத்த வாரம் இதைக் கேள்விப்பட்டார். கேள்விப்பட்டதோடு சரி.

வருமான வரியில் இன்னொரு கணக்கும் உண்டு. ஓர் ஆண்டில் 182 நாள் அல்லது அதற்கு மேல் இங்கே இருந்தால்தான் பொதுவாக வரி வாசியாகக் கருதுவார்கள். வாசி அல்லாதவருக்கு 30 விழுக்காடு. ஆண்டின் பிற்பகுதியில் திரும்புகிறவர்களுக்கு அடுத்த ஆண்டோடு தொடர்ச்சியாகக் கணக்கிடும் சலுகை இருக்கிறது. எந்தத் தேதியில் நாட்டுக்குள் வந்தீர்கள் என்பதற்கு ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

எதை எப்போது செய்வது?

*ஆறு மாதத்துக்கு முன்:* பிள்ளையின் பிறப்புப் பதிவு, திருமணப் பதிவு இரண்டையும் சரிபாருங்கள். கடப்பிதழ், ஓட்டுநர் உரிமம் காலாவதித் தேதியைப் பாருங்கள். டேலண்ட்கார்ப் திட்டத்துக்குத் தகுதி இருந்தால் விண்ணப்பியுங்கள். பிள்ளைக்கு இங்கே பள்ளி பேசி வையுங்கள்.

*இரண்டு மாதத்துக்கு முன்:* வேலையிடத்தில் சொல்லி வரிப் படிவத்தை நேரத்தோடு அனுப்பச் செய்யுங்கள். கைச்செலவுக்குப் பணம் ஒதுக்குங்கள். சேமநிதி வாரிசு நியமனத்தைப் புதுப்பியுங்கள்.

*கடைசி மாதம்:* பணி அனுபவக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வரி மதிப்பீடு, பிள்ளையின் பள்ளி அறிக்கை, தடுப்பூசிப் பதிவு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேருங்கள். வேலை அனுமதியில் இருப்பவர் என்றால், கடைசி நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் முதலாளி அனுமதியை ரத்து செய்துவிட்டாரா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். லாரியில் ஏற்றும் சாமான்களுக்கு, எதை எப்போது வாங்கினோம் என்ற விவரத்தோடு பட்டியல் எழுதிச் சுங்கத்துக்குக் காட்டத் தயாராக வையுங்கள். சிங்பாஸ் எண்ணை மாற்றுவது கடைசி வேலை.

*வந்த முதல் மாதம்:* அடையாள அட்டையில் முகவரியை 30 நாளுக்குள் மாற்றுங்கள். அலோர் காஜா பதிவிலாகாவில் அரைமணி வேலைதான். வரி வாரியத்தில் உங்கள் கோப்பைத் திறக்கவோ புதுப்பிக்கவோ செய்யுங்கள்.

இதில் எதுவும் கடினமானதல்ல. அங்கே இருக்கும்போது பத்து நிமிடத்தில் முடிவதுதான், இங்கே வந்த பிறகு பத்து வாரம் இழுக்கிறது. விதிகளும் மாறிக்கொண்டே இருப்பவை. காப்பிக்கடையில் கேட்டதை நம்பாமல் அந்தந்த இலாகாவின் அகப்பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆகஸ்டில் எனக்கு உரிமம் கிடைத்தது. மறுநாள் காலை அப்பாவை முன்னிருக்கையில் உட்கார வைத்து இடைவார் மாட்டிவிட்டேன். கார் கிளம்பும் முன் இடது கையை நீட்டினார். என்ன என்று கேட்டேன்.

"லைசன்ஸைக் காட்டு" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பி, காலாவதித் தேதியைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் திருப்பித் தந்தார்.